நாக்கைக் கட்டச் சொல்லி வேண்டினேன்

அடியார்களே, என் நாக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

போன ஆவணியில், மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் பக்கத்து மண்டபத்தில் என் தங்கை மகளுக்கு நிச்சயம். தகப்பன் இல்லாத பிள்ளை. அலைந்து திரிந்து அமைந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்குப் பேச்சு திக்கும். அவளுக்கு அது தெரியும். அவரைப் பிடித்தும் இருந்தது. சபையில் அவர் தன் பெயரைச் சொல்லத் தொடங்கினார். பக்கத்திலிருந்த என் சகலையின் காதில் கிசுகிசுத்தேன்: "பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள பாயாசம் ஆறிரும்லே."

கிசுகிசுத்ததாக நான்தான் நினைத்தேன். ராஜபாளையம் நூல் மில்லில் மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. என் ரகசியம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "எம் பிள்ளைய ஊரு சிரிச்சது போதாதா? தட்ட எடுங்கய்யா, கெளம்புவோம்."

என் தங்கை என்னைப் பார்த்தாள். "ஏண்ணே, ஒனக்கு அது வாயா, சாக்கடையா?"

கோயிலுக்குள் ஓடினேன். பயத்தில் பேரம் பேசினேன். மொட்டை போடுகிறேன் என்றேன். தலையில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை. நடந்தே வருகிறேன் என்றேன், நின்றதே சந்நிதியில்தான். சுவாமி முன்னாலும் கோமாளித்தனம். என்னை நானே அருவருத்தேன். கடைசியில் அழுதுவிட்டேன். "அப்பனே, அந்தப் பிள்ளை வாழ்க்கை கெடக் கூடாது. என் நாக்கைக் கட்டு."

திரும்பி வந்து மாப்பிள்ளை முன்னால் நின்றேன். "ம... ம... மன்..." அதற்கு மேல் வரவில்லை.

"பாருங்கய்யா, மூஞ்சிக்கு முன்னாலயே பழிக்கான்!" அவருடைய சித்தப்பா கையை ஓங்கினார். இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளைதான் தடுத்தார். நடிப்பு எது, நிஜமான திக்கல் எது என்று அவருக்கல்லவா தெரியும்! என் கையைப் பிடித்துக்கொண்டார். "அ... அவசரமில்ல மாமா. மெ... மெதுவா சொல்லுங்க."

காத்திருந்தார். "மன்னிச்சிருங்க மாப்ள" என்று நான் சொல்லி முடிக்கும்வரை சபையும் காத்திருந்தது. அவருடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டு மாறியது.

நாக்கைக் கட்டச் சொன்னேன். ஈசன் கட்டினான், அவிழ்க்க அந்த மாப்பிள்ளையையே அனுப்பினான். இப்போதும் கிண்டல் தொண்டைவரை வரத்தான் செய்கிறது. யார் மேல் போய் விழும் என்று பார்த்துவிட்டு விழுங்கிவிடுகிறேன். கசக்கிறது. கசக்கட்டும்.

உங்களுக்கும் வாய் தவறிப் போயிருந்தால் அவனிடம் போங்கள். வார்த்தை வராவிட்டாலும் நில்லுங்கள். நாம் சொல்லி முடிக்கும்வரை அவன் கேட்பான்.