என் மொட்டை, சாரோட டை

அந்த மனுஷன் அன்னிக்கு முழிச்ச முழிய இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு குளிருது.

தொண்ணூறுகளோட கடைசி. அடையாறுல ஒரு ஆராய்ச்சிக்கூடம். அவர் என் கைடு, நான் அவர்கிட்ட பிஎச்.டி. பண்ற பொண்ணு. கைய வேகமா ஆட்டும்போது மூளைல எந்த இடம் வேலை செய்யுதுன்னு மண்டையத் திறக்காமப் பாக்கணும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியக் காதுக்கு மேல உள்ள அனுப்புவோம். அங்க ரத்தம் கூடினா திரும்பி வர்ற ஒளி மாறும், திரைல கோடு ஏறும். ரிச்சி தெருவுல பார்ட்ஸுக்கு அலைஞ்சு மெஷினைக் கட்டினது நான். அவர் அந்த ரூம் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல.

ஆனா கோடு ஏறுவேனான்னுது. நம்ம ஊர் முடி அப்படி, அடர்த்தியும் கறுப்புமா ஒளிய அப்படியே முழுங்கிடும். ஒளி உள்ள போகணும்னு, சோதனைக்கு வந்த ஒவ்வொருத்தருக்கா சீப்பு வாலால வகிடு எடுத்து என் கை ஓய்ஞ்சதுதான் மிச்சம். ரிசல்ட் இல்லன்னா கட்டுரை இல்லன்னு அவர் கறாரா சொல்லிட்டார். ஒரு நாள் காலைல வடபழனி கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கிட்டேன். வேண்டுதல்னு எல்லார்கிட்டயும் புளுகினேன், சாரும் நம்பினார். பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இது தேவையான்னு அம்மா அழுது தீர்த்தாங்க. அன்னிக்கு மத்தியானமே நான் நாற்காலில உக்காந்து கட்டைவிரலால மத்த விரலையெல்லாம் படபடன்னு தட்டினேன். கோடு ஜம்முனு ஏறிச்சு. சந்தோஷத்துல அழுதுட்டேன்.

கட்டுரை வந்தப்ப பாத்தா, அவர் பேர் மட்டும். கிராஃப் என் மண்டையோடது. நன்றின்னு ஒரு வரிகூட எனக்கு இல்ல. கேட்டதுக்கு, நாளைக்குக் கல்யாணமாகிப் போற பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கும்மான்னார். பாவி. அன்னிக்கே கறுவிக்கிட்டேன்.

அப்புறம் வெளிநாட்டுக்காரங்க மெஷினைப் பாக்க வந்தாங்க. பெருமை பீத்திக்கணுமே, அவரே நாற்காலில உக்காந்தார். அதுக்காகவே தலைக்குக் கன்னங்கரேல்னு டை அடிச்சிருந்தார். முடி கலையாம மெஷினை மாட்டுன்னார். வகிடே எடுக்காம, கலையாமயே மாட்டினேன்.

தட்டினார். கோடு அசையல. இன்னும் வேகமாத் தட்டினார், வேர்த்துக் கொட்டிச்சு. வந்தவங்கள்ல ஒரு அம்மா, ஏன் வரலன்னு கேட்டாங்க. அவருக்கு எங்க தெரியும்? பதில் சொல்லச் சொல்லி என்னைப் பாத்தார். எல்லாருக்கும் புரியட்டும்னு இங்கிலீஷ்லயே சொன்னேன்:

"கட்டுரைல உங்க பேர்தான சார் இருக்கு. நீங்களே சொல்லுங்க."

திருதிருன்னு முழிச்சார். அதுக்காக என் தீசிஸை வருஷக்கணக்கா இழுத்தடிச்சார். இழுக்கட்டும். கோடு ஏன் ஏறலன்னு அவர் ரிடையர் ஆகிறவரைக்கும் நான் சொல்லவே இல்ல.