மகளின் பெயரில் வாங்கிய வீடு

புத்தளம் டவுனில், சந்தைக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் நாங்கள் ஒரு வீடு வாங்கினோம். "நாங்கள் வாங்கினோம்" என்று இன்னும் வாயில் வந்துவிடுகிறது. காசு எங்களுடையது, உறுதிப்பத்திரம் மகளின் பெயரில். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்கு விளங்க ஆறு வருடம் எடுத்தது. இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல ஆட்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் என் மேல்தான், அது தினமும் வேளாவேளைக்கு வந்துவிடுகிறது.

எங்கள் ஆட்களில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் கலியாணத்துக்கும் வாப்பா கல்பிட்டிப் பக்கத்தில் ஒரு தென்னங்காணியையும் அதற்குள் இருந்த வீட்டையும் என் பெயரில் எழுதித் தந்தார். எழுதித் தந்துவிட்டு அவரும் உம்மாவும் அதே வீட்டின் பின் அறைக்கு மாறினார்கள். மௌத்தாகும் வரை அங்கேதான் இருந்தார்கள். அது யாருடைய வீடு என்று ஒரு நாளும் ஒருவரும் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அந்தக் காணியில் முப்பது வருடம் இருந்தேன். என் கணவர் அங்கே மணலைக் கொத்திச் சின்ன வெங்காயமும் மிளகாயும் போட்டார். மனிதர் தோட்டத்தில் இறங்கினால் வெயில் மழை தெரியாது. எனக்கோ வீட்டில் பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது, நடந்து போனால் கால் சுடும். கடல் காற்று ஓலையில் அடிக்கும் சத்தத்தை ஊரிலிருந்து வருகிறவர்கள் "எவ்வளவு அழகு" என்பார்கள். ஒரு பகல் கேட்டால் அழகுதான். முப்பது வருடம் கேட்டுப் பார்க்க வேண்டும். நான் கோழியோடும் பூனையோடும் சண்டை பிடித்துக் காலம் கழித்தவள்.

மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தபோது மாப்பிள்ளையின் உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்கட மகன் டவுன்லதான் வேல செய்யிறார். வீடு டவுனுக்குள்ள இரிந்தா நல்லம்."

என் கணவரின் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் போன பிறகு, "இந்த வீட்டக் குடுப்பம். புடிச்சா எடுக்கட்டும்" என்றார்.

"புள்ளட வாழ்க்கயில வெளாடாதீங்க" என்றேன் நான். "காணிய விப்பம்."

"வித்துப்போட்டு நான் என்னத்தக் கொத்துற? ரோட்டையா?"

மூன்று நாள் கதைத்தேன். மகளுக்காக, மகளுக்காக என்று நூறு தடவை சொன்னேன். இன்று உண்மையைச் சொல்கிறேன். மகள் அந்தச் சம்பந்தம் இல்லாவிட்டால் இன்னொன்று என்று இருந்திருப்பாள். எனக்குத்தான் டவுன் வேண்டியிருந்தது. வாசலைத் திறந்தால் மனித முகம் தெரிய வேண்டும் என்ற ஆசை. அதை என் பெயரில் கேட்க வெட்கப்பட்டு மகளின் பெயரில் கேட்டேன். காணி என்னுடையது, கடைசியில் நான் விற்றுவிட்டேன். அன்று அவர் தோட்டத்தில் போய் நின்றுகொண்டார்.

நாலைந்து வீடு பார்த்தோம். சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த வீடு பார்வைக்கு ஒன்றுமில்லை. அகலமில்லாமல் நீளமாகக் கிடந்தது. முன் அறை, இரண்டு படுக்கையறை, குசினி, குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சின்ன அறை. நாங்கள் முன் அறையில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் பெண் அழைப்பில்லாமலே உள்ளே வந்தார். கையில் தட்டு, தட்டில் மூன்று பிளேன்டீ. "வாங்குறீங்களோ இல்லயோ, முதல்ல இதக் குடிங்க" என்றார். அந்தத் தேத்தண்ணியை வாயில் வைத்தபோதே நான் வீட்டை வாங்கிவிட்டேன். என் கணவர் பின்பக்கம் போய் மண் தேடினார். எல்லாம் சீமெந்து. பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு துண்டு நிலம் சுவர் ஓரத்தில் கிடந்தது. அதைக் காலால் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு வந்தார்.

நொத்தாரிசு கந்தோரில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். வயதான மனிதர், நிதானமாகக் கதைப்பவர். உறுதியை எழுதுமுன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "நேரே மகள்ட பேருக்கு எழுதுறம். உங்க ரெண்டு பேருக்கும் சீவிய உரித்து வச்சு எழுதட்டா? அப்பிடி எழுதினா நீங்க உயிரோட இரிக்கிற மட்டும் அந்த வீட்டுல இரிக்கலாம். ஒருத்தரும் எழும்பச் சொல்லேலாது."

என் கணவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "என்னத்துக்கு சேர்? எங்கட மகள்தானே!"

"மகள்தான். எண்டாலும் எழுதி வச்சா நல்லம்."

"மாப்பிள வீட்டாக்கள் உறுதியப் பாத்தா என்ன நினைப்பாங்க? வீட்டக் குடுத்துட்டுக் கயித்தப் புடிச்சிக்கொண்டிரிக்கிறாங்க எண்டு சொல்ல மாட்டாங்களா?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என் வாப்பாவும் உம்மாவும் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் என் வீட்டில் இருந்தவர்கள். நான் என் பிள்ளையிடம் எழுதி வாங்குவதா? எனக்குப் பெரிய ரோசம். கந்தோரிலிருந்து இறங்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இறங்கினேன். அந்த நிமிர்ந்த நெஞ்சை இப்போது நினைத்தால் எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மருமகன் வந்தார். குறை சொல்ல முடியாத பிள்ளை, சத்தமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். நாங்கள் தகரம் போட்ட பின் அறைக்கு மாறினோம். பகலில் அடுப்புப் போல் சுடும். எனக்கு அது பெரிதாகப் படவில்லை, நான் பகலில் அங்கே இருந்தால்தானே. விடிந்ததும் இடியப்பம் விற்கிறவரின் மணி, மோட்டார் சைக்கிளில் மீன்காரன், சந்திப் பக்கம் கொழும்பு பஸ்ஸின் ஹோன், இரண்டு பள்ளிவாசல்களின் பாங்கு ஒன்றுக்குப் பின் ஒன்றாக. ஒழுங்கையை மறித்து ஒரு கழுதை நிற்கும், ஓட்டோக்காரர்கள் அதனோடு மரியாதையாகக் கதைப்பார்கள். மத்தியானம் தையல்காரியின் வீட்டில் நாலு பெண்கள் கூடுவோம். அவர் தைப்பார், நாங்கள் ஊரைக் கிழிப்போம். மதிலுக்கு மேலால் தட்டுப் போகும், தட்டு வரும். ஐம்பத்தைந்து வயதில் எனக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். என் கணவருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பாயளவு நிலத்தில் மிளகாய் நட்டார், வெயில் விழாமல் அது வெளிறி நின்றது. பிறகு பள்ளிவாசலுக்குப் போய் ஒரு தூண் ஓரமாக உட்காரப் பழகிக்கொண்டார். நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். ஒருவர் சந்தோசமாக இருக்கும்போது பக்கத்தில் இருக்கிறவரின் முகத்தைப் பார்க்கத் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நாடு கஷ்டப்பட்டது. சமையல் காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, கடைசியில் பாஸ்போட்டுக்கு வரிசை. மருமகன் அந்தக் கடைசி வரிசையில் நின்றார். கனடாவுக்குப் போகும் வேலைகள் ஒன்றரை வருடமாக நடந்தன. எல்லோரும் போகிறார்கள், அவர்களும் போகட்டும் என்றுதான் நானும் துஆ கேட்டேன். என்னுடைய துஆ அப்படியே கபூலாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் வந்து நின்றாள். "உம்மா, வீட்ட விக்கோணும்."

எந்த வீட்டை என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

"இந்த வீட்டத்தான். அங்க போய் நிக்கக் காசு வேணும். உங்களுக்கும் வாப்பாக்கும் வெளியால ஒரு அற வாடகைக்கு எடுத்துத் தாறம். மாசாமாசம் அனுப்புவன் உம்மா. பொறகு உங்களையும் எடுக்கிறம்." சொல்லும்போதே அழுதாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும், ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பேன். நான் மீனைக் கழுவி முடித்தேன். என் கணவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரு வார்த்தைதான். "எப்ப?" என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு தடவையாவது ஏசியிருக்கலாம்.

முதலில் வந்தவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, பின் அறையில் எங்கள் பாயையும் அவருடைய மருந்துப் போத்தல்களையும் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டாவதாக வந்த பெண் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மகளிடம் மெதுவாகச் சொன்னார். "தாய் தகப்பன எழுப்பிட்டு விக்கிற வீடு. வயசானவங்கட பதுவா எங்களுக்கு வேணாம் புள்ள." பெரியவர்களின் வயிறெரிந்த சாபத்துக்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் பயம். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கணம் சந்தோசமாகக்கூட இருந்தது. இப்படியே எல்லோரும் பயந்தால் நாங்கள் இங்கேயே இருக்கலாம். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தேன். கனடாவுக்கு வந்து சேரச் சொன்ன திகதி நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆட்கள் வருவதற்கு முதல் நாள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உம்மா, நாளக்கி அவங்க கேட்டா, நீங்க இங்க இரிக்கிறல்ல எண்டு சொல்லுங்க. என்னப் பாத்துட்டுப் போக வந்த எண்டு."

சரி என்றேன்.

மறுநாள் லுஹர் தொழுகைக்கு முதலே என் கணவரைப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டேன். பின் அறையைக் காலி செய்தேன். பாய், தலையணை, உடுப்பு, மருந்து எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் கட்டி மதிலுக்கு மேலால் கொடுத்தேன். தையல்காரி வாங்கிக்கொண்டார். அறைக்குள் பழைய கதிரை ஒன்றையும் வெறும் காஸ் சிலிண்டரையும் வைத்தேன். பார்த்தால் சாமான் போடும் அறைதான். பிறகு அபாயாவைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, முன் அறையில் போய் உட்கார்ந்தேன்.

புருசனும் பெண்சாதியும் கலியாண வயதில் ஒரு மகளும் வந்தார்கள். என் மகள் அறை அறையாகக் காட்டினாள். பின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, உடனே மூடும் சத்தமும் கேட்டது. திரும்பி வந்ததும் அந்தப் பிள்ளையின் தாய் என் பக்கத்தில் அமர்ந்தார். "நீங்க ஆரு ராத்தா?"

"இவட உம்மா. மகளப் பாத்துட்டுப் போக வந்தன்."

"எங்க இரிக்கிறீங்க?"

"கல்பிட்டியில. தென்னங்காணி. வீடு வாசல் எல்லாம் இரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்."

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன். அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அக்கம்பக்கம் எப்பிடி?" என்று கேட்டார். "நல்ல ஆக்கள் எண்டு மகள் சொல்லுவா" என்றேன். என் சிநேகிதிகளைக் கேள்விப்பட்ட ஆட்கள்போல் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டில் தையல் மெசின் ஓடவில்லை.

அவர்கள் எழுந்தபோது நானும் மரியாதைக்கு எழுந்தேன். அந்தப் பெண் என் கைப்பையைப் பார்த்தார். "போகத்தானே வெளிக்கிட்டு இரிக்கிறீங்க? வாங்க ராத்தா, வேன்ல பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடுறம்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணால் போங்க என்றாள்.

வேனில் ஏறினேன். ஒழுங்கையில் இருந்த பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அவர்கள் போகவில்லை. கல்பிட்டி பஸ்ஸைத் தேடிப் பிடித்து, எனக்கு யன்னல் ஓரம் இடம் கிடைக்கும் வரை அந்த மனிதர் கீழே நின்றார். அந்தப் பெண் கையசைத்தார். நானும் கையசைத்தேன். பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

டவுனைத் தாண்டி, கல்பிட்டி ரோட்டுக்குத் திரும்பும் பாலாவிச் சந்தியில் இறங்கினேன். இறங்கி மகளுக்கு ஃபோன் எடுத்தேன். "உம்மா, ஓம் எண்டுட்டாங்க!" என்றாள். அவளுடைய குரலில் அந்தச் சந்தோசத்தைக் கேட்டு எவ்வளவோ காலம். "இப்ப எடுத்துச் சொன்னாங்க. நீங்க எங்க? வாங்க, வாப்பாவும் வந்துடுவார்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து மறுபக்கம் நின்றேன். அவர் அஸர் தொழுதுவிட்டு வந்து, பின் அறைக் கதவைத் திறந்து, கதிரையையும் சிலிண்டரையும் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எனக்குத் தெரியும். புத்தளம் பஸ் வந்தது, அடுத்ததும் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டிலும் நான் ஏறவில்லை.