இனியா தட்டச்சில் வரைந்த படங்கள்

துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இனியாவின் வீடு இருக்கிறது. அப்பா குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அம்மா பொற்கொடி பம்புசெட் பட்டறை ஒன்றில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிறார். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம் அது. அதிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் இனியா. அதுவும் கணிதம் படிக்க.

பள்ளி நாட்களில் அவளுக்கு வரைபடத்தாள் என்றால் உயிர். பரவளையம் வளைந்து இறங்கி மறுபடி ஏறும் இடத்தில் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்வாள். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை மங்கத் தொடங்கியது. விழித்திரையில் கோளாறு, சரிசெய்ய வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பிளஸ் டூ முடிப்பதற்குள் வெளிச்சம் எது, இருட்டு எது என்கிற வித்தியாசம் மட்டும்தான் அவள் கண்ணுக்கு மிஞ்சியது.

"வேற ஏதாச்சும் சுலபமான படிப்பா எடுத்துக்கலாமே, சாமி" என்றார் அப்பா.

"கணக்கு எனக்கு மண்டைக்குள்ள ஓடுதுங்கப்பா. வேற எதுவும் அப்படி ஓடறதில்லைங்க" என்றாள் இனியா.

அப்பா அவளைக் கணிதப் படிப்புக்கே கல்லூரியில் சேர்த்துவிட்டார்.

திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒரு காதில் கடகடவென்று பேச, இன்னொரு காதால் பேராசிரியரைக் கேட்டபடி இனியா பி.எஸ்ஸி. முடித்தாள். பக்கத்து இருக்கையில் எப்போதும் ரிஃபத் இருப்பாள். கோட்டைமேட்டுப் பெண். பலகையில் எழுதுவதைத் தாழ்ந்த குரலில் இனியாவுக்கு வாசித்துச் சொல்வாள். இருவரும் சேர்ந்தே எம்.எஸ்ஸி.க்கும் வந்தார்கள்.

இரண்டாம் ஆண்டில் ஆளுக்கொரு ஆய்வேடு எழுத வேண்டும். இனியா எடுத்துக்கொண்ட விஷயம் தென்னையைத் தாக்கும் வெள்ளை ஈ. அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிற குட்டிக் குளவி ஒன்று உண்டு. ஈ பெருகினால் குளவிக்குத் தீனி கிடைத்து அதுவும் பெருகும். குளவி பெருகினால் ஈ குறையும். ஈ குறைந்தால் குளவி பட்டினியில் குறையும். மறுபடி ஈ பெருகும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதி, கடைசியில் இரண்டும் எந்த அளவில் நிலைகொள்கின்றன என்று காட்டுவதுதான் அவள் வேலை. ஈயின் எண்ணிக்கையைக் கிடை அச்சிலும் குளவியின் எண்ணிக்கையைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால், கோடு சுருண்டு சுருண்டு உள்ளே போய் ஒரு புள்ளியில் அடங்க வேண்டும்.

சமன்பாடுகளை முடித்தபோது வழிகாட்டிப் பேராசிரியர் ராமாமணி மகிழ்ந்துபோனார். அன்போடுதான் அடுத்ததைச் சொன்னார்.

"படங்களை ரிஃபத் வரைஞ்சு குடுத்துருவா இனியா. நன்றியுரையில அவ பேரைப் போட்டுக்கலாம். நீ அதைப்பத்திக் கவலைப்படாதே."

"இல்லைங்க மேடம். படமும் என்னோட ஆய்வுதானுங்க. அதையும் நானே வரைஞ்சர்றேன்."

"எப்படிம்மா?"

"அது இன்னும் தெரியலைங்க. ஆனா வரைஞ்சர்றேனுங்க."

துறையின் கணினி அறையில் எல்லோரும் பயன்படுத்தும் வரைபட மென்பொருளைத் திறந்தாள். சமன்பாட்டைத் தட்டியதும் திரையில் கோடு வந்துவிட்டது என்று ரிஃபத் சொன்னாள். அதைப் படமாக வெளியே எடுப்பதில்தான் சிக்கல். மேலே இருந்த பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. காதில் பேசிய குரல், "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. எது சேமிக்கும், எது அழிக்கும் என்று தெரியவில்லை. ஒன்றை அழுத்தினாள். வரைந்தது போய்விட்டது. இன்னொன்றை அழுத்தினாள். மௌஸால் எந்தப் பகுதி வேண்டும் என்று கட்டம் இழுக்கச் சொன்னது. எங்கிருந்து எங்கே இழுப்பது?

"தள்ளு புள்ள, ஒரே நிமிஷம், நான் இழுத்துத் தர்றேன்" என்றாள் ரிஃபத்.

"வேண்டாம். இன்னைக்கு நீ இழுப்ப. நாளைக்கு நான் எங்காச்சும் வேலைக்குப் போனா அங்க யாரு இழுப்பா?"

மென்பொருளோடு வந்த விளக்கக் குறிப்பை முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாள். ஆங்கிலம், நீளம், சலிப்பு. வீட்டில் துணி மடிக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் காதில் அதுவே ஓடியது. ஒருநாள் கவுண்டம்பாளையத்தைத் தாண்டும்போது ஒரு வாக்கியம் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. பொத்தானால் செய்கிற எதையும் கட்டளையாகத் தட்டச்சு செய்தும் செய்யலாம் என்றது அந்த வாக்கியம்.

எழுத்து! எழுத்தென்றால் குரல் வாசிக்கும். பிழை இருந்தால் எந்த எழுத்தில் என்று சொல்லும். கல்லூரியில் இறங்கியதும் நேராகக் கணினி அறைக்குப் போனாள். என்ன வகைப் படம் என்று ஒரு வரி. படத்தின் அகலம், உயரம் என்று ஒரு வரி. கோப்புக்கு என்ன பெயர் என்று ஒரு வரி. பிறகு, வரை என்று ஒரு வரி. மௌஸைத் தொடவே இல்லை. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. கோப்புறைக்குள் போய்ப் பார்த்தபோது, அவள் வைத்த பெயரிலேயே ஒரு படம் இருப்பதாகக் குரல் சொன்னது. அன்றைக்கே எல்லாப் படங்களையும் அப்படியே எடுத்து, தானே மின்னஞ்சலில் ராமாமணிக்கு அனுப்பிவைத்தாள். "நானே வரைந்தது மேடம்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

மறுநாள் காலை ரிஃபத் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"படத்துக்கு என்னாச்சுன்னு மேடம் எங்கிட்டக் கேட்டாங்க. உங்கிட்டச் சொல்ல அவங்களுக்கு மனசு வரல. படத்துல ஒண்ணுமே இல்ல புள்ள."

"ஒண்ணுமே இல்லைன்னா?"

"திறக்கவே மாட்டேங்குது. வெறும் கோப்புதான்."

இனியாவுக்கு முகம் சுட்டது. பார்வையுள்ள யாரும் அனுப்புமுன் ஒருதரம் திறந்து பார்த்திருப்பார்கள். அவளால் அது முடியாது, முடியாது என்பதை மறந்து சந்தோஷத்தில் அனுப்பியும் விட்டாள். அன்று வகுப்பில் ஒரு சொல்லும் அவள் காதில் ஏறவில்லை. ஆனால் மாலையில் வீட்டுக்குப் போகாமல் மறுபடி அந்த அறைக்கே போனாள். கோப்பின் அளவு என்ன என்று கேட்டாள். பூஜ்யம் என்றது குரல். விளக்கக் குறிப்பின் அந்தப் பகுதியை மறுபடி கேட்டாள். விட்டுப்போன வரி கிடைத்தது. வரையச் சொன்ன பிறகு, கோப்பை மூடு என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மென்பொருள் படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும், கோப்பில் எழுதாது. அவள் மூடவே இல்லை.

அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். அதோடு நிற்கவில்லை. இனி ஒவ்வொரு படத்தையும் எடுத்த பிறகு கோப்பின் அளவையும், கோடு தொடும் உச்சத்தையும், அச்சுகளின் எல்லையையும் எழுத்தாகச் சொல்லும்படி தன் கட்டளைகளை அமைத்துக்கொண்டாள். கோடு எல்லைக்கு வெளியே போனால் குரலே சொல்லிவிடும்.

இந்தமுறை படங்களைத் திறந்ததும் ரிஃபத் கத்திவிட்டாள். "வந்திருச்சு புள்ள! ஜிலேபி மாதிரி சுருண்டு சுருண்டு உள்ள போகுது!"

ராமாமணியும் நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இனியாவுக்கு நிறைவில்லை.

"எல்லாரும் என் படத்தைப் பார்த்துட்டீங்க. நான்தான் பார்க்கல" என்றாள் ரிஃபத்திடம்.

ரிஃபத்துக்கு ஒரு வழி தோன்றியது. அவள் அண்ணன் முஜீப் உக்கடத்துப் பக்கம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறார். ரவிக்கைக்கும் புர்காவுக்கும் பூவும் கொடியும் போடுகிற மெஷின். "பூ போடற மெஷின் உன் ஜிலேபியைப் போடாதா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி மகளை அழைத்துக்கொண்டு முஜீபின் கடைக்குப் போனார். ரிஃபத்தும் வந்திருந்தாள். முஜீப் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது புள்ளி புள்ளியா இருக்கற படம்மா. மெஷினுக்குப் புரியாது. கோடா இருக்கற ஃபைல் வேணும்."

"ஏனுங்க தம்பி, அப்ப முடியாதுங்களா?" என்றார் பொற்கொடி.

"முடியுங்கம்மா" என்றாள் இனியா. மடிக்கணினியைத் திறந்தாள். என்ன வகைப் படம் என்று சொல்லும் முதல் வரியில் ஒரு சொல்லை மாற்றினாள். கோப்பின் பெயரை மாற்றினாள். அதே சுருள் கோட்டுப் படமாக வெளியே வந்தது. முஜீப் அதைத் தன் மெஷினுக்கு ஏற்றாற்போல் மாற்றி, கெட்டியான வெள்ளைத் துணியைச் சட்டத்தில் பூட்டி, தடித்த நூலைக் கோத்தார். ஊசி தடதடவென்று ஓடி நின்றது.

இனியா துணியின் ஓரத்தில் விரலை வைத்தாள். அச்சைத் தொட்டாள். அங்கிருந்து நூலைப் பிடித்துக்கொண்டு வெளிச்சுற்றில் மெதுவாக நகர்ந்தாள். ஒரு சுற்று போனாள். நின்றாள். திரும்பி வந்து மறுபடி போனாள்.

"இது வளையல. முனை முனையா உடையுது" என்றாள்.

ரிஃபத் துணியைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தாள். "அட ஆமா! திரையில சின்னதாப் பார்த்தப்ப தெரியவே இல்ல."

காரணம் இனியாவுக்கு உடனே பிடிபட்டது. கோட்டைக் கணக்கிடப் போதுமான புள்ளிகளைக் கொடுக்கவில்லை. தொலைவில் கிடக்கும் புள்ளிகளை மென்பொருள் நேர்க்கோட்டால் இணைத்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே புள்ளிகளை நெருக்கமாக்கி, படத்தை மறுபடி எடுத்தாள். முஜீப் இன்னொரு துணியைப் பூட்டினார்.

இந்தமுறை விரல் எங்கும் இடறவில்லை. வெளிச்சுற்று அகலமாக ஓடியது. அடுத்த சுற்று கொஞ்சம் ஒடுங்கியது. அதற்கடுத்தது இன்னும். ஈயும் குளவியும் ஒன்றையொன்று துரத்தித் துரத்திக் களைத்துப்போவதை அவள் விரலே நடந்து பார்த்தது. கடைசியில் நூல் முடிச்சாகத் திரண்டிருந்த இடத்தில் விரல் நின்றது. சமன்பாடுகளிலிருந்து முன்பே கணக்கிட்டு வைத்திருந்த சமநிலைப் புள்ளி.

"இங்கதானுங்கம்மா. இங்கதான் வந்து நிக்கும்னு நான் எழுதியிருந்தேன்."

பொற்கொடிக்குக் கணக்குத் தெரியாது. மகளின் முகம் தெரியும். "நீ போட்டதா கண்ணு இது? அச்சுல வார்த்தாப்பல இருக்குது" என்றவர், முஜீபைப் பார்த்து, "எம்புள்ள போட்டதுங்க தம்பி" என்று அவருக்குத் தெரிந்ததையே மறுபடி சொன்னார்.

ஆய்வேட்டை மதிப்பிட வெளியிலிருந்து வந்தவர் பேராசிரியர் அரங்கசாமி. பொள்ளாச்சிக்காரர். பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். படங்களுக்கு வந்ததும் கேட்டார்.

"படமெல்லாம் யாரம்மா வரைஞ்சது?"

"நான்தானுங்க ஐயா."

"நல்லா இருக்குதம்மா. சரி, எங்க தோப்புலயும் வெள்ளை ஈ இருக்குது. பூச்சி மருந்து அடிச்சா உன் சுருள் என்னாகும்? அதை நீ எழுதலையே."

கேள்வி நியாயமானதுதான். அவள் அதைச் செய்து பார்த்திருக்கவில்லை. ராமாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இனியா, "கொஞ்சம் நேரம் குடுங்க ஐயா, போட்டுக் காட்டறேன்" என்று மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள்.

மருந்து இரண்டையும் கொல்லும், ஈயையும், குளவியையும். இரண்டு சமன்பாடுகளிலும் அந்த இழப்பைச் சேர்த்தாள். கோப்புக்குப் புதுப் பெயர் கொடுத்தாள். வரையச் சொன்னாள். மூடச் சொன்னாள். அறையில் விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. குரல் காதில் சொன்ன எண்களைக் கேட்டுவிட்டு, படத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"சுருள் வலப்பக்கம் நகர்ந்திருக்குமுங்க. கீழயும் இறங்கியிருக்கும். அளவா மருந்தடிச்சா குளவிதான் குறையுதுங்க ஐயா. ஈ முன்னைவிட அதிகமாகி நிக்குது."

அரங்கசாமி திரையைப் பார்த்தார். ஆய்வேட்டிலிருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"போன வருஷம் எங்க தோப்புல இதேதாம்மா ஆச்சு! மருந்துக்காரனைத் திட்டிட்டிருந்தேன். இந்தப் படத்தையும் சேர்த்துப் போட்டுரு. இதை நீ வெளியிடணும்."

அறைக்கு வெளியே ரிஃபத் காத்திருந்தாள். கதவு திறந்ததும் இனியாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். ராமாமணி அன்று மாலையே துறையின் எல்லா மாணவர்களுக்கும் ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தார். கட்டளைகளால் படம் எடுப்பது எப்படி என்பது பாடம். எடுத்தவள் இனியா.

இப்போது அவள் சரவணம்பட்டியில், பள்ளிக் கணிதப் பாடங்களை இணையத்தில் தரும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். பாடங்களுக்கு வேண்டிய வரைபடங்களை ஒரே கட்டளைக் கோப்பில் எழுதி ஓடவிடுகிறாள். படங்கள் ஒரே அளவில், ஒரே தடிமனில், பெயர் வரிசையில் வந்து விழுகின்றன. ஒவ்வொரு படத்தோடும் அதை எழுத்தில் விவரிக்கும் ஒரு பத்தியும் போக வேண்டும் என்பது அவள் கொண்டுவந்த வழக்கம். பார்வையில்லாத பிள்ளைகளும் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள் அல்லவா!

சென்ற ஆவணியில் ஈரோட்டில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் இனியாவின் பெரியம்மா சின்னாத்தாள் பொற்கொடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம் பொற்கொடி, புள்ளைக்கு என்ன வேலை?"

"படம் வரையறாளுங்க அக்கா. கணக்குப் படம். தமிழ்நாடு பூரா புள்ளைங்க அதைப் பார்த்துத்தான் படிக்குதுங்க."

"தமிழ்நாடு பூரா இல்லைங்கம்மா, கொஞ்சம் பள்ளிக்கூடம்தானுங்க" என்றாள் இனியா, அம்மாவின் மறுபக்கத்து இலையிலிருந்து.

"நீ சாப்புடு கண்ணு. நான் பேசிட்டிருக்கேன்ல" என்றார் பொற்கொடி. பிறகு செல்போனை எடுத்து, சின்னாத்தாளுக்கு ஒவ்வொரு படமாகக் காட்டத் தொடங்கினார்.