ஃபின்லே காட்டிய வீடு

எங்கள் ஸ்கார்வா தீவில் தபால் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிடும். காரணம் தபால்காரன் ஃபின்லே மக்ஃபீ. அஞ்சலட்டையைப் படிக்காமல் கொடுப்பது எழுதியவருக்கே அவமரியாதை என்பது அவன் கட்சி. "பெகி, உன் அக்கா ஸ்பெயின்ல இருக்காளாம். முதுகெல்லாம் வெயில்ல உரிஞ்சுபோச்சாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் அட்டையை நீட்டுவான். நானும் அவனும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஐம்பத்தெட்டு வயது ஆளை ‘அவன்’ என்று எழுதலாமா என்று யாராவது கேட்டால், எழுதலாம். எனக்கு அந்த உரிமை உண்டு.

பத்தொன்பது வயதில் கிளாஸ்கோவுக்கு வேலைக்குப் போனான். பதினோரு வாரத்தில் பெட்டியோடு படகுத்துறையில் வந்து இறங்கினான். ஏன்டா என்று கேட்டதற்கு, "அங்க ஒருத்தன்கூட நீ யார் மகன்னு கேக்கலை" என்றான். எங்கள் தீவில் அதுதான் முதல் கேள்வி. பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது, பாதி ஊருக்கு மக்கஸ்கில் என்றே பெயர். நான் நீலின் மகன் ஜானின் மகள் பெகி. அப்படிச் சொன்னால்தான் ஆள் பிடிபடும்.

ஃபின்லேக்கு உயிரோடு இருப்பவர்களை மட்டுமல்ல, போனவர்களையும் தெரியும். மலைச்சரிவில் கூரையில்லாமல் நிற்கும் வீடுகள் முப்பத்தேழு. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு மனிதர்களைவிட ஆடுகள் லாபம் என்று தோன்றிய காலத்தில் காலியானவை. அன்று கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் வம்சத்தினர் இன்று கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறார்கள். கையில் ஒரு காகிதம், அதில் ஒரு பெயர். நான் நடத்தும் தங்கும் விடுதியில் கஞ்சியும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுவிட்டு, "எங்க வீடு எதுன்னு யாருக்காவது தெரியுமா?" என்பார்கள். நான் ஃபின்லேக்குப் போன் செய்வேன். தபால் சுற்று முடிந்ததும் அவன் சிவப்பு வேனை ஓரம் கட்டிவிட்டு, அவர்களை நாணல் சதுப்பு வழியாக அழைத்துப் போவான். இடிந்த சுவருக்கு முன்னால் நின்று, "இதுதான் உங்க வாசல். குனிஞ்சு வாங்க, உங்க ஆளுங்க உயரமானவங்க, தலை இடிக்கும்" என்பான். நிலைப்படியே இருக்காது. இருந்தும் எல்லோரும் குனிவார்கள். முப்பது வருடம் இப்படி. ஒருமுறைகூடத் தவறாகக் காட்டியதில்லை என்பது அவனுடைய ஒரே கர்வம்.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஜூனில் நியூசிலாந்திலிருந்து ஐசபெல் மக்கஸ்கில் வந்தார். எண்பது வயது, ஒல்லி, ஊன்றுகோலைத் தரையில் ஊன்றாமல் காற்றில் வீசி நடப்பார். அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கஸ் மக்கஸ்கில், மனைவி எஃபி, நான்கு பிள்ளைகள், கப்பலேறியது 1852. ஃபின்லே யோசிக்கக்கூட இல்லை. நேராக மேல்சரிவில் இருக்கும் கிணற்றடி வீட்டுக்குக் கூட்டிப்போனான். அந்த அம்மாள் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதார். போகும்போது சுவரிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ஊர் திரும்பி அதைத் தன் அப்பாவின் கல்லறையில் வைத்ததாகவும், அடுத்த வருடம் ஆகஸ்டில் குடும்பம் மொத்தத்தையும் அழைத்து வருவதாகவும் கடிதம் எழுதினார். இருபத்தாறு பேர். கூடவே பைப் என்னும் துருத்தி வாத்தியம் வாசிக்கும் ஒரு மருமகன்.

அந்த ஆகஸ்டுக்கு மூன்று மாதம் முன்னால் கனடாவிலிருந்து வேறொரு கடிதம் வந்தது. ஃபின்லே அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் அடுக்களைக்குள் நுழைந்தபோது அவன் முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"பெகி, நான் செத்தேன்."

"செத்தவன் கதவைச் சாத்திட்டு வா, குளிருது."

கனடாவில் ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய முன்னோரும் அங்கஸ் மக்கஸ்கில்தான். மனைவியும் எஃபிதான். அதே வருடம்தான், கப்பல் மட்டும் வேறு. தானும் செப்டம்பரில் வீடு பார்க்க வருவதாக எழுதி, அந்த அங்கஸ் தன் தம்பிக்கு எழுதிய பழைய கடிதத்தின் நகலையும் அனுப்பியிருந்தார். ‘நம் வாசல் கிணற்றையும், வாசலுக்கு வலப்புறம் நாம் வைத்த ரோவன் மரத்தையும், கீழே கரையில் இருக்கும் இன்னொரு அங்கஸ் வீட்டு அடுப்புப் புகையையும் தினம் நினைத்துக்கொள்கிறேன்.’ கிணறு இருக்கிறது. ரோவன் மரம் வலப்புறம் இன்றும் நிற்கிறது. அப்படியென்றால் ஐசபெல் அம்மாள் அழுதது அடுத்த வீட்டுக்காரன் சுவரில்.

"ரெண்டு அங்கஸ்டி! பேரைப் பாத்தேன், வருஷத்தைப் பாத்தேன். யாரு மகன்னு கேக்கலையே! கிளாஸ்கோக்காரன் பண்ற தப்பை நான் பண்ணிட்டேன்."

நான் கெட்ட யோசனைதான் சொன்னேன், மறைப்பானேன். "வாயை மூடிட்டு இரு. கல்லுக்கு என்ன தெரியும்? அவங்களுக்குச் சந்தோஷம், உனக்கென்ன நஷ்டம்?"

"அவங்கப்பா கல்லறைல எவன் வீட்டுக் கல்லோ கிடக்கு பெகி." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சொல்லத்தான் போறேன். ஆனா அது உங்க வீடு இல்லன்னு மட்டும் எப்படிச் சொல்றது? அப்ப எங்க வீடு எதுன்னு கேப்பாங்களே. இருபத்தாறு பேரை வச்சிக்கிட்டு, தெரியாதுன்னா சொல்வேன்?"

கரை என்று கடிதம் சொல்கிறது. எங்கள் கரை மூன்று மைல் நீளம். பழைய கரையோர வீடுகள் எல்லாம் மணல் மூடிப் போய்விட்டன, மேலே புல்வெளி. ஃபின்லே அந்தக் கோடை முழுக்க ஓய்வு நேரத்தில் கடப்பாரையால் மணலைக் குத்திப் பார்த்தான். பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டினான். ஒன்றும் கிடைக்கவில்லை. சோறு தண்ணீர் மறந்தான் என்று அவன் மனைவி கத்ரீனா என்னிடம் புலம்பினாள். கால்நடை மருத்துவர் மர்டோவுக்கு வந்த காதல் கடிதம் பாதிரியார் வீட்டுக்குப் போனது. பாதிரியார் பிரித்துப் படித்துவிட்டு ஒரு வாரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அஞ்சலட்டைகளைப் படிப்பதைக்கூட ஃபின்லே நிறுத்திவிட்டான். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அவர்கள் வரும் வாரத்து வியாழக்கிழமை மாலை, கடலோரப் புல்வெளியில் எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்குப் பயிற்சி. சனிக்கிழமை வடக்கு ஊர்க்காரர்களோடு ஆட்டம். இருபத்திரண்டு வருடம் எங்களுக்குக் கோல் காத்தவன் ஃபின்லே, இப்போது புதிய கோல்கீப்பருக்குப் பழக்கம் கொடுக்கிறவன். அன்று அவனே கம்பங்களுக்கு நடுவில் நின்றிருந்தான், மனசு எங்கேயோ. கொசு பிடுங்க, தேநீர்க் குடுவையோடு கோட்டோரம் நின்ற நான் வழக்கம்போலக் கத்தினேன்.

"டேய், அங்கஸ் அடுப்புக்கு அடிங்கடா! அடுப்பு காலியா இருக்கு பாருங்க!"

பந்து அவன் காதை உரசிக்கொண்டு வலைக்குள் போனது. ஃபின்லே அசையவில்லை.

"பெகி, இப்ப என்ன சொன்ன?"

"என்னடா சொன்னேன்? அங்கஸ் அடுப்புன்னேன். சின்ன வயசிலேருந்து அப்படித்தானே சொல்றோம்."

சொல்கிறோம்தான். தெற்குக் கோல் கம்பத்துக்கு முன்னால், இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து பச்சை கூடுதலாக இருக்கும் இடம் அங்கஸ் அடுப்பு. எங்கள் அப்பாக்களும் அப்படித்தான் சொன்னார்கள். யார் அந்த அங்கஸ் என்று யாரும் கேட்டதில்லை. அவன் எவனோ பழைய ஆட்டக்காரன் என்று நான் நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் அந்த அடுப்பைக் காத்த ஃபின்லேயும் அப்படியே நினைத்திருந்தான். கோல்கீப்பர் கையுறையைக் கழற்றாமலே மலையேறினான். கிணற்றடி வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறான். நேர் கீழே வெள்ளைக் கம்பங்கள். அங்கிருந்து அவன் போட்ட கூச்சலுக்கு ஆடுகள் சிதறி ஓடின.

அவனுக்கு வீடு கிடைத்துவிட்டது. சொல்லும் தைரியம்தான் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை படகிலிருந்து இருபத்தாறு பேரும் இறங்கினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி நீலப் பனியன். நெஞ்சில் ‘எங்கள் வீடு’ என்ற எழுத்து, அதன் கீழே கிணற்றடி வீட்டின் படம். ரோவன் மரம் உட்படத் தெளிவாக அச்சடித்திருந்தார்கள். துறையிலேயே சொல்லிவிடுவதாக எனக்குச் சத்தியம் செய்திருந்த ஃபின்லே, படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வாங்க, பெட்டியைக் கொடுங்க" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை எல்லோரும் சரிவில் ஏறினோம். நல்ல வெயில், அதுவே எங்கள் ஊரில் ஒரு அதிசயம். ஐசபெல் அம்மாள் முன்னால் போனார். மருமகன் பைப்பை அக்குளில் இடுக்கி ஊத ஆரம்பித்ததும் ஃபின்லே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டான். பைப் முனகிக்கொண்டே அடங்கியது.

"மிஸஸ் மக்கஸ்கில், இது உங்க வீடு இல்ல. நான்தான் தப்பாக் காட்டிட்டேன். இது வேற அங்கஸ் வீடு. மே மாசமே எனக்குத் தெரியும். சொல்லப் பயந்துட்டேன். உங்கப்பா கல்லறைல இருக்கறது வேத்தாள் வீட்டுக் கல்லு. இனிமே நான் யாருக்கும் வீடு காட்டப் போறதில்ல."

பின்னாலிருந்து யாரோ, "பனியன் அடிச்சாச்சே!" என்றது மட்டும் கேட்டது. ஐசபெல் அம்மாள் அந்தச் சுவரில் கை வைத்தார். போன வருடம் கன்னம் வைத்த அதே இடம். என் யோசனையைக் கேட்டிருந்தால் இந்த நிமிடம் வந்தே இருக்காது என்று எனக்குள் ஒரு நினைப்பு.

"இந்த அங்கஸும் எங்க அங்கஸும் சிநேகமா இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"கனடா போயும் உங்க வீட்டுப் புகையைத்தான் நினைச்சுட்டு இருந்திருக்கார்."

"அப்ப கல்லு அங்கேயே இருக்கட்டும். எங்கப்பாவுக்குத் தனியா இருந்தாப் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரன் துணை இருந்தா நல்லதுதான்." பிறகு ஊன்றுகோலால் அவன் காலில் ஒரு தட்டுத் தட்டினார். வலித்திருக்கும். "மே மாசத்திலிருந்து சொல்லாம இருந்ததுக்கு இது. சரி, எங்க வீடு எங்க?"

ஃபின்லே கீழே கையைக் காட்டினான். புல்வெளியில் ஊரே கூடியிருந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

"அந்தக் கோல் கம்பத்துக்குள்ளயா!"

"கொஞ்சம் முன்னால. இடது பக்கம்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் மருமகனும் சிரித்தார், பிறகு எல்லோரும். இருபத்தாறு பேரும் அங்கேயே பனியனைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டார்கள். பைப்பை ஊதிக்கொண்டே சரிவில் இறங்கினோம். என் முழங்கால் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஐசபெல் அம்மாள் கோட்டோரம் நிற்கவில்லை. பார்வையாளர் ஒருவரின் மடக்கு நாற்காலியைக் கேட்டு வாங்கி, ஆட்டத்துக்குள்ளேயே நடந்து போய், தாழ்ந்த பச்சைப் புல்லில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பந்து அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. நடுவராக நின்ற மர்டோ விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"அம்மா, ஆட்டம் நடக்குது. எழுந்திருங்க, அடிபட்டுடும்."

ஐசபெல் நிமிர்ந்து பார்த்தார். "இது எங்க அடுப்பங்கரை. ஒரு தடவை எங்களை இங்கேருந்து எழுப்பினது போதும்."

மர்டோ தொப்பியைக் கழற்றினார். அவருடைய முன்னோர்களின் சொந்தங்களில் பாதிப் பேரும் அதே கப்பல்களில்தான் போனார்கள். வடக்கு ஊர் ஆட்டக்காரர்களும் வந்து சுற்றி நின்றார்கள், அவர்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். மர்டோ விசிலைத் துடைத்தார்.

"நாற்காலில பந்து பட்டா, பந்து கோல்கீப்பருக்கு. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாருக்கும் இல்லை. ஆட்டம் அவரைச் சுற்றி நடந்தது. ஆறு முறை பந்து அவர் காலடியில் வந்து விழுந்தது, ஆறு முறையும் ஊன்றுகோலால் தட்டி எங்கள் பக்கமே அனுப்பினார். வடக்கு ஊர்க்காரர்கள் அநியாயம் அநியாயம் என்று சிரித்துக்கொண்டே கத்தினார்கள். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

இடைவேளையில் நான் தேநீர் கொண்டுபோனபோது ஃபின்லே அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தான். வாசல் எந்தப் பக்கம் இருந்திருக்கும், பசு எங்கே கட்டியிருப்பார்கள், எஃபி எந்தச் சன்னலில் நின்று கடலைப் பார்த்திருப்பாள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். கனடாக் கடிதத்தைப் பற்றியும் அதற்குள் சொல்லியிருந்தான்.

"கண்ணு, அந்தக் கனடா டீச்சர் எப்ப வர்றாங்க?" என்று அவர் கேட்டார்.

"அடுத்த மாசம். ஆனா நான் காட்டப் போறதில்லன்னு..."

"நீதான் காட்டணும். அவங்க வாசல்ல நிறுத்தி, எங்க புகை எங்கேருந்து வந்ததுன்னு கையை நீட்டிக் காட்டு. அதை வேற யாரு காட்டுவா?"

ஃபின்லே தலையைக் குனிந்துகொண்டு புல்லைப் பிடுங்கினான். சரி என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து, வலையைச் சுருட்டி, எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அவர்கள் இருவரும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.