ஆஸ்பத்திரியில் அத்தை போட்ட சண்டை

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிகள். காலையில் ஆரம்பிக்கும் சத்தம் விளக்கு வைக்கும்வரை ஓயாது. அதைத் தாண்டி உப்பு எங்கே என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அப்பா கத்துவார், அம்மா அதற்கு மேல் கத்துவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடி வந்ததும் உண்டு. பாதி நேரம் அது சண்டைதான்.

எழுபதுகளின் தொடக்கம். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். உடம்பில் கத்தி வைப்பது எங்கள் தெருவில் லேசான சமாசாரமில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்பா திரும்பித் திரும்பித் தறியைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. காரியம் கெட்டது அதற்குப் பிறகு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். அம்மா குழைந்து குழைந்து பேசினாள். புடவை ஒரு நாள் தாமதமானாலும் வாசலில் வந்து நின்று குதிக்கும் முதலாளி, ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, "தறி எங்கியும் ஓடிடாதுபா, நீ நல்லா ரெஸ்ட் எடு" என்று தோளைத் தடவிவிட்டுப் போனார். என்னைக்கூடத் தலைவாரிப் பூ வைத்து, அப்பாவிடம் எதுவும் கேட்டு நச்சரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். இதையெல்லாம் அப்பா ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கடைசியில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே அக்கா, கூரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் மகள் பெரியவளான சடங்குக்கு, தாய்மாமன் சீராக அப்பா தானே ஒரு புடவை நெய்து எடுத்துப் போயிருந்தார். அத்தை அதைப் பிரித்துப் பார்த்து, சபையில் எல்லோர் காதிலும் விழும்படி, "முந்தானையில ஜரிகை கம்மியா இருக்குதே" என்றுவிட்டாள். அப்பா பந்தியில் போட்ட இலையை விட்டு எழுந்து, எங்களை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இலையில் வைத்த லட்டு போனதுதான் எனக்கு ஞாபகம். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் இவர் அங்கே போகவில்லை, அவள் இங்கே வரவில்லை.

அப்படிப்பட்ட அத்தை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தியும் மறந்துடுடா தம்பி" என்று அழுதாள்.

அவள் போனதும் அப்பா அம்மாவிடம் சொன்னார். "அக்காவே வந்துட்டா. அப்புறம் இன்னா இருக்குது? எங்கிட்டதான் யாரும் சொல்ல மாட்டேன்றீங்க."

அன்றிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கஞ்சி வைத்தது வைத்தபடி ஆறிப்போகும். தூக்கம் கிடையாது. வராந்தாவில் ஸ்டிரெச்சர் உருளும் சத்தம் கேட்டால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், சட்டை வியர்வையில் நனைந்துவிடும். பார்க்கப் போனால் என்னைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு அந்தக் கட்டிலுக்குக் கிட்டே போகவே பயமாக இருந்தது. என்னுடைய அப்பாவை வேறு வார்டில் போட்டுவிட்டு, யாரையோ காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"புண்ணு நல்லா ஆறிக்கினு வருதும்மா. மனசுதான் பயந்துபோய்க் கிடக்குது. ஆபரேஷன் ஆனவங்க நிறைய பேருக்கு இப்படி வரும். இதுவும் ஒரு நோய்தான், மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா இப்படியே சாப்பிடாம கிடந்தா உடம்பு தாங்காது. சுத்தி நின்னு அழாதீங்க. வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க."

வீட்டில் பேசுவது போல என்றால் எங்கள் வீட்டில் சண்டைதான் போட வேண்டும். அம்மா மறுநாளே முயன்று பார்த்தாள். "ஒரு தையலுக்கு இப்படியா ஒரு ஆம்பள படுத்துக்கினு இருப்பான்?" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் உடைந்து அழுதுவிட்டாள். அப்பா இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிப் படுத்தார்.

அன்றைக்கே அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கூரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே போனதும் கன்றுக்குட்டியைப் பார்க்கச் சொல்லி என்னைக் கொல்லைக்கு விரட்டிவிட்டார்கள். உள்ளே நடந்ததைப் பல வருஷம் கழித்து அம்மாவே சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவோடு சண்டை போடச் சொல்லி அத்தையின் காலில் விழுந்திருக்கிறாள்.

"படுத்துக் கிடக்கிறவங்கிட்ட எப்படிம்மா வாயாடுவேன்? என் நாக்கு அழுகிடும்" என்று அத்தை மறுத்திருக்கிறாள்.

"சாவப்போறவங்கிட்ட யாரும் சண்டை போட மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும் அண்ணி. நீங்க சண்டை போட்டாத்தான் பொழச்சிட்டோம்னு நம்புவாரு" என்று அம்மா விடவில்லை.

இது எதுவும் எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம், பார்வையாளர்களை விடும் நேரத்தில், அத்தை வார்டுக்குள் நுழைந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடா, இன்னும் படுத்துக்கினுதான் இருக்கிறியா? நல்லா சொகம் கண்டுட்டேடா!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்பா அசையவில்லை.

"எம்பொண்ணு சடங்குக்கு ஒரு பொடவ குடுத்தியே மகராசா, நேத்து பொட்டியத் தொறந்து பாத்தேன். ஜரிகையெல்லாம் கறுத்துப்போச்சி. அன்னிக்கே சபையில சொன்னேன், ரோஷம் பொத்துக்கினு வந்துச்சி உனக்கு. இப்ப இன்னாடா சொல்ற?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அத்தையின் புடவையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அம்மா என்னைப் பிடித்து அமுக்கினாள். அப்போதுதான் அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"எது கறுத்துச்சி?"

"உன் ஜரிகைதான்."

"அசல் ஜரிகை அது. எப்படிக் கறுக்கும்? பாச்சை உருண்டை போட்டு வெச்சியா?"

"போடாம பின்ன? பூச்சி அரிக்க வுட்டுடுவாங்களா?"

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேவிட்டார். "பாச்சை உருண்டையப் போட்டு ஜரிகையக் கெடுத்துப்புட்டு என் நெசவ சொல்றியா? பட்டுப்பொடவைய ஒழுங்கா மடிச்சி வெக்கத் தெரியாதவளுக்கு சீர் ஒரு கேடா?"

அத்தையும் விடவில்லை. பேச்சு ஜரிகையிலிருந்து சடங்குக்கும், சடங்கிலிருந்து இருவரும் டவுசரும் பாவாடையுமாகத் திரிந்த காலத்துக்கும் போனது. நர்ஸ் ஓடி வந்து, இது ஆஸ்பத்திரியா சந்தையா என்று கேட்டாள். "இருங்க சிஸ்டர், இவளுக்கு ஒரு பதில் சொல்லிட்டு படுத்துக்கிறேன்" என்றார் அப்பா. தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் அதே குரல். இவர் என்னுடைய அப்பாதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அத்தை விருட்டென்று வெளியேறினாள். அப்பா மூச்சு வாங்க அம்மாவைப் பார்த்து, "இன்னா கொண்ணாந்தே? எடு. நாளைக்கும் வருவா அவ. அவகிட்ட பேசறதுக்கே தெம்பு வேணும்" என்றார்.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது கட்டுக்கதை. பயம் அவருக்கு வந்து வந்து போனது. வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் காரணமில்லாமல் தறியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். டாக்டரின் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினார். ஆனால் சாப்பிட்டார், எழுந்து நடந்தார். அத்தையும் அடிக்கடி வந்து ஏதாவது ஒன்றை ஆரம்பித்துவைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சண்டை நடந்த அன்றைக்கு அம்மா இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரை வைத்துவிட்டு, வேகமாக வெளியே போனாள். அப்பா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உங்க அத்தை போயிட்டாளா பாரு கண்ணு" என்றார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தை ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எதிரிக்குப் போய் ஆறுதல் சொல்கிறாளே என்று அம்மாமேல் எனக்குக் கோபம். ஆனாலும் நல்ல செய்தியோடுதான் உள்ளே ஓடி வந்தேன்.

"அப்பா, நீதான் ஜெயிச்சே! அத்தை படியில உக்காந்துக்கினு அழுவுது!"

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. நான் எதிர்பார்த்தது போல அவர் சிரிக்கவில்லை. இட்லியை மெல்ல மென்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துண்டால் துடைக்கத் துடைக்கக் கொட்டியது.

"இன்னாபா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு, காரம்" என்றார்.

சர்க்கரையில் எங்கிருந்து காரம் வந்தது என்று தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.