பல் வைத்தியரிடம் நான் மறைத்தது

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, மூன்று வருடமாக இந்தச் சாட்சியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சொன்னால் என் பொய்யையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

நான் சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவன். என் மகள் கிரேஸுக்குச் சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததில் இருதய வால்வு கெட்டிருந்தது. ஊரில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. பெண்பிள்ளை ஆயிற்றே.

1974-இல் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இவளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி வலி. மாப்பிள்ளையின் அத்தையே தனக்குத் தெரிந்த பல் வைத்தியரிடம் எங்களைக் கூட்டிப் போனார்கள். "பிள்ளைக்கு வேற எதுவும் சீக்கு உண்டுமா?" என்று வைத்தியர் கேட்டார். அத்தை பக்கத்தில் நின்றார்கள். "ஒண்ணும் கிடையாது" என்றேன். கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

பல்லை எடுத்த மூன்றாம் வாரம் காய்ச்சல் பிடித்தது. டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள், விடவில்லை. துரும்பாக இளைத்துப்போனாள். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே வராந்தாவில் முழங்காலில் நின்று நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, சுகம் தாரும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் தாரும்." இதை எழுதவே கூசுகிறது.

நாலாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அன்றுதான் என் ஜெபம் மாறியது. "என் மானம் போனால் போகட்டும், பிள்ளையைத் தாரும்" என்று அழுதேன். எழுந்து பார்த்தால் டாக்டர் நிற்கிறார். ஆரஞ்சுப் பழத்தோடு அத்தையும் நிற்கிறார்கள்.

"ஐயா, நெஞ்சுல சத்தம் சரியில்ல. சின்ன வயசுல எதுவும் வந்துச்சா? மறைக்காம சொல்லுங்க" என்றார் டாக்டர்.

எல்லாவற்றையும் சொன்னேன். பல் எடுத்ததையும் சொன்னேன்.

"முன்னெல்லாம் வால்வுல கிருமி ஏறினா போய்ச் சேர்ந்துருவாங்க. இப்ப மருந்து இருக்கு. ஆனா பல்லு எடுத்த புண்ணு வழியா கிருமி ரத்தத்துல ஏறி இப்படி வாரவங்களை இப்ப அடிக்கடி பாக்கோம். முந்தியே சொல்லியிருந்தா பென்சிலின் போட்டுட்டு எடுத்திருப்பாங்க" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி" என்றார்கள் அத்தை. பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆறு வாரம் ஊசி போட்டார்கள். கல்யாணம் நின்றுபோனது. ஸ்தோத்திரம், பிள்ளை பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "செத்துப்போவோம்னு நான் பயப்படலப்பா. நீங்க அத்தை முன்னால சொல்லிருவீங்களோன்னுதான் பயந்துகிட்டே கிடந்தேன்" என்றாள். அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவன் நான்தான்.

இப்போது வால்வு மேலும் கெடாமலிருக்க மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டு டீச்சர் வேலைக்குப் போகிறாள். எதற்கு ஊசி என்று கேட்பவர்களுக்கு நானே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சீக்கை மூடி வைத்திருந்தால், கர்த்தரை நம்பி முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மானத்தை அவர் பார்த்துக்கொள்வார்.