அவன் அறைக்கு வரும் காட்சி

படப்பையில் எங்கள் வாடகை அறையில் ஒரே கட்டில்தான். எனக்கு ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட், கூடத் தங்கியிருந்தவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பகல் ஷிஃப்ட். காலையில் நான் வந்து படுக்கும்போது மெத்தையில் அவன் சூடு இருக்கும், தலையணையில் அவனுடைய தேங்காய் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முகம் பார்ப்போம். “இன்னாபா இது, தலையணையா, தாளிக்கிற கரண்டியா?” என்று கத்துவேன். தென்காசிக்காரன், சிரித்துவிட்டுப் போவான்.

போன வருஷம் ஒருநாள் வேலை முடிந்து, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டும்போது அவன்மேல் லாரி மோதிவிட்டது. அவன் அறைக்கு வந்து சேரவில்லை.

எனக்கு எழுத்துப் பைத்தியம் உண்டு. அவனை நாவலாக்கிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வேறு எப்படி அவனை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கதைச் சுருக்கத்தைக் கொடுத்தால் முதல் வரைவை எழுதித் தரும் மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் போட்டேன். ஊர், வேலை, விபத்து எல்லாம் கொடுத்தேன். ‘வேலை முடிந்து அறைக்கு வந்ததும் இவர் என்ன செய்வார்?’ என்று கேட்டது. எரிச்சலாக வந்தது. அவன் வரும் நேரத்தில் நான் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன், எனக்கெப்படித் தெரியும்? காலியாக விட்டேன்.

அது காலியாக விடவில்லை, தானே ஒரு காட்சியை எழுதிவிட்டது. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் அவன் கதவைத் தட்டுகிறான். கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றுகிறான். மற்றதைக் கழற்றாமலே தண்ணீர் குடிக்கிறான்.

அதோடு என் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் கதவு தட்டும் சத்தம். அவன் சிரிப்பை நினைக்கப் பார்த்தால் அந்த ஒற்றை ஷூதான் வருகிறது. என்னிடம் மிச்சமிருந்த கொஞ்ச நிஜத்தையும் இது தின்றுவிடும் என்று பயந்துபோனேன். அந்தக் காட்சியை அழிக்கும் முன் அவன் அக்காவுக்கு மட்டும் அனுப்பிவைத்தேன். உடனே போன் செய்தார்.

“தம்பி, அவன் தெனமும் இப்படித்தான் வருவானா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

“அவன் வர்றப்போ நான் ஒருநாளும் ரூம்ல இருந்ததில்லக்கா. அது மிஷினு தானா எழுதுனது. அழிச்சிடறேன்.”

அக்கா அவசரமாகத் தடுத்தார்.

“அழிச்சிராத தம்பி. அவன் வரும்போது உள்ள யாரோ இருந்து பாத்தாப்புல இருக்கு.”

அழிக்கவில்லை. இப்போதும் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது கதவைப் பூட்டக் கை வருவதில்லை. அவன் வருகிற நேரம் நெருங்கியிருக்கும்.